நெட் இல்லாவிட்டாலும் வீட்டு சர்வரைத் திறப்பது எப்படி?

காரைக்குடிப் பக்கம் காற்றும் மழையுமாக வந்தால் முதலில் கரண்ட் போகும், கூடவே நெட்டும் போகும். கரண்ட் திரும்பினாலும் நெட் வருவதாக இல்லை. ஆயா கேட்கும் பழைய கல்யாண வீடியோவோ வளவு அறையிலேயே, நம் சர்வரில் இருக்கிறது. வீட்டுக்குள்ளேயே இருப்பதை எடுக்க நெட் எதற்கு? ரவுட்டர் ஓடினால் போதும்.

ரவுட்டரை இன்வெர்ட்டர் லைனில் போடுங்கள். சர்வருக்குப் பழைய லேப்டாப்தான் என் சிபாரிசு. ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கம்ப்யூட்டரும் அழகுதான், ஆனால் லேப்டாப்பில் பேட்டரி கூடவே இருக்கிறது. இன்வெர்ட்டர் மாறும் நொடியில் அணையாது. அதில் ஜெல்லிஃபின் (சர்வரில் இருக்கும் வீடியோவைப் போனில் பார்க்க உதவும் சாஃப்ட்வேர்) போட்டாயிற்று என்றே வைத்துக்கொள்கிறேன். அதே வேலை செய்யும் பிளெக்ஸ் எனக்குப் பிடிக்காது, உள்ளே விடுவதற்கே பொதுவாக வெளியே இருக்கும் தன் சர்வரைக் கேட்கும்.

படி 1: பிரவுசரில் திறக்கும் ரவுட்டர் செட்டிங்ஸ் பக்கத்தில் 'அட்ரஸ் ரிசர்வேஷன்' தேடி, லேப்டாப்புக்கு 192.168.1.50 மாதிரி ஒரு நிரந்தர எண் கொடுங்கள்.

படி 2: போன் பிரவுசரில் 192.168.1.50:8096 என்று அடித்து புக்மார்க் செய்யுங்கள் (8096 ஜெல்லிஃபினின் வழக்கமான போர்ட் எண்). டக்டிஎன்எஸ் மாதிரி சேவையில் சர்வருக்கு ஓர் இணையப் பெயர் வைத்திருந்தாலும் இன்று அது உதவாது. அந்தப் பெயருக்கு எண் சொல்கிற சர்வர் வெளியே இருக்கிறது.

படி 3: இங்கேதான் எல்லாரும் மாட்டுவது. வைஃபையில் நெட் இல்லை என்று தெரிந்ததும் ஆண்ட்ராய்டு போன் பல நேரம் சத்தமில்லாமல் மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும். மேலே வைஃபை குறி தெரியும், பக்கத்தில் சின்ன ஆச்சரியக்குறி, அவ்வளவுதான். மொபைல் டேட்டா பக்கம் போய் 192.168.1.50 எங்கே என்று கேட்டால் யாருக்குத் தெரியும்? பக்கம் சுற்றிக்கொண்டே இருக்கும், நாம் சர்வரைச் சந்தேகப்பட்டு ரீஸ்டார்ட் பண்ணிக்கொண்டிருப்போம்.

மொபைல் டேட்டாவை அணையுங்கள். 'இந்த வைஃபையில் இணையம் இல்லை, தொடரவா?' என்று கேட்டால் ஆமாம் சொல்லுங்கள். வீட்டுப் பெரியவர்களுக்கு இன்னும் சுலபமான வழி: ஏரோப்ளேன் மோட் போட்டு, வைஃபையை மட்டும் மறுபடி ஆன் செய்வது. ஐபோனில் மொபைல் டேட்டா செட்டிங்ஸின் அடியில் 'வைஃபை அசிஸ்ட்' இருக்கும், அதையும் அணைத்து வையுங்கள்.

குற்றம் யார் மேல் என்று பார்க்க 192.168.1.1 அடியுங்கள் (உங்கள் ரவுட்டரின் எண் வேறாக இருந்தால் அது). ரவுட்டர் பக்கம் வந்தால் போன் சரியான வழியில் இருக்கிறது, லேப்டாப்பைப் போய்ப் பாருங்கள். வராவிட்டால் போன்தான் எங்கோ சுற்றுகிறது.

பின்சேர்க்கை: லேப்டாப் இருக்கும் இரண்டாம் கட்டில் (வீட்டின் உள்பகுதியில்) திறக்கிறது, முகப்பில் திறக்கவில்லை என்று தேவகோட்டை வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். நம் வீடுகள் இந்தத் தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிபவை, சுவரும் கனம். ஒரு ரவுட்டர் எப்படிப் போதும்? அவர் உள்ளே இரண்டாவது ரவுட்டர் வைத்து, முதல் ரவுட்டரிலிருந்து வரும் கேபிளை அதன் 'வேன்' (WAN, வெளி இணைப்புக்கானது) துளையில் செருகியிருப்பார். அப்படிச் செருகினால் அது தனி நெட்வொர்க் ஆகிவிடும், அதன் பின்னால் இருக்கும் சர்வர் முகப்புக்குத் தெரியாது. இரண்டாவது ரவுட்டரின் எண்ணை 192.168.1.2 ஆக்கி, டிஎச்சிபியை (சாதனங்களுக்குத் தானே எண் கொடுக்கும் வசதி) அணைத்து, பிறகு கேபிளை 'லேன்' (LAN, வீட்டு நெட்வொர்க்குக்கானது) துளைக்கு மாற்றுங்கள். இந்த வரிசை முக்கியம்.

கெஸ்ட் வைஃபையிலிருந்தும் (விருந்தாளிகளுக்கென ரவுட்டர் தரும் தனி வைஃபை) பொதுவாகத் திறக்காது. படைப்புக்கு (முன்னோர் வழிபாட்டுக்கு) வரும் பங்காளிகள் வீடியோ பார்க்க வேண்டுமென்றால் அன்றைக்கு மட்டும் மெயின் பாஸ்வேர்டைக் கொடுத்துவிட்டு, அவர்கள் ஊருக்குக் கிளம்பியதும் மாற்றிவிடுங்கள்.