கத்திக்குச் சாணை, செயினுக்கு எண்ணெய்

தக்காளியின் தோல் வெட்டுப்படாமல் நசுங்கினால் கத்தி மழுங்கிவிட்டது என்று அர்த்தம். தெருவில் சாணை பிடிப்பவர் வரும்வரை காத்திருக்க வேண்டாம். சென்னை பாரிமுனை ஹார்டுவேர் கடைகளில் ஒரு பக்கம் சொரசொரப்பு, மறுபக்கம் வழவழப்பு என்று சாணைக்கல் கிடைக்கும். அதுவே போதும்.

கல்லை நனைத்து, நகராமல் இருக்க அடியில் ஈரத்துணி போடுங்கள். முதலில் சொரசொரப்பான பக்கம். கத்தியின் முதுகை லேசாகத் தூக்கி, 15 முதல் 20 டிகிரி சாய்வில், பிடிப் பக்கத்திலிருந்து நுனிவரை தேயுங்கள். பலம் தேவையில்லை, சாய்வு மாறக்கூடாது, அவ்வளவுதான். எப்போது நிறுத்துவது? தேய்க்காத பக்கத்தில் முதுகிலிருந்து விளிம்பை நோக்கி விரலால் மெல்ல வருடினால், தேய்த்ததில் இந்தப் பக்கம் மடிந்த மெல்லிய உலோகப் பிசிறு தட்டுப்படும். விளிம்பு நெடுக அது வந்ததும் மறுபக்கத்தைத் தேயுங்கள். இங்கேதான் பலரும் அவசரப்படுகிறார்கள். அப்புறம் வழவழப்பான பக்கத்தில் மாற்றி மாற்றி மெதுவாகத் தேய்த்தால் பிசிறு போய்விடும். கல் இல்லையா? பீங்கான் கோப்பையின் அடியில் மெருகு பூசாத வளையம் அவசரத்துக்கு உதவும். பல் வைத்த ரொட்டிக் கத்தியை மட்டும் இப்படித் தேய்க்காதீர்கள்.

சரி, பழைய துணி கையில் இருக்கும்போதே சைக்கிளையும் பார்த்துவிடலாம். பெசன்ட் நகர், திருவான்மியூர் உப்புக்காற்றில் செயின் சீக்கிரம் துருப்பிடிக்கும். அழுக்கைத் துடைத்து, ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு சொட்டு செயின் ஆயில் விட்டு, பெடலைப் பின்னோக்கிச் சுற்றி, மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம். பிசுபிசுத்துத் தூசியை அள்ளிக்கொள்ளும்.