ஓடு ஒழுகினால் வாடகையை நிறுத்தாதீர்கள்

ஜூனில் தொடங்கும் இடவப்பாதி மழை இறங்கிவிட்டால் எங்கள் வக்கீல் ஆபீசுக்கு ஓடு ஒழுகும் கதைகள் வரத் தொடங்கும். ஊர் சித்தூர். பாலக்காட்டுச் சித்தூர், ஆந்திராச் சித்தூர் அல்ல. பொள்ளாச்சி, உடுமலை, கோவைப் பக்கத்திலிருந்து வந்து கஞ்சிக்கோட்டுத் தொழிற்சாலைகளில் வேலை பார்ப்பவர்கள், பாலக்காட்டு டவுனில் டிபன் கடை, தையல் கடை வைத்திருப்பவர்கள் எனப் பலர் இங்கே வாடகைக்குக் குடியிருக்கிறார்கள். வீட்டுக்காரர் மராமத்து செய்ய மாட்டேன் என்றதும் இவர்கள் செய்கிற தவறுகளைக் குமாஸ்தா மேஜையிலிருந்து பார்த்துக்கொண்டே இருக்கிறேன். புது ஆட்கள் செய்தால்கூடப் பரவாயில்லை. போன வீட்டில் செய்த அதே தவறை இந்த வீட்டிலும் செய்துவிட்டு வருகிறவர்களைப் பார்த்த பிறகுதான் எழுதிவைக்கலாம் என்று தோன்றியது.

ரசீது வாங்குங்கள், கராரை, அதாவது வாடகை ஒப்பந்தத்தை, படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

எந்த ஊர்ச் சட்டம் என்று பார்க்காமல் பேசுவது

வேலந்தாவளத்தில் ஒரு தெரு தமிழ்நாடு, அடுத்த தெரு கேரளா. பேச்சு, காசு, பஸ் எல்லாம் கலந்துதான் கிடக்கும். சட்டம் மட்டும் கலக்காது. கட்டடம் எந்த மாநிலத்தில் நிற்கிறதோ அந்த மாநிலத்துச் சட்டம்தான். முத்திரைத் தாளைக் கோவையில் வாங்கினீர்களா, வீட்டுக்காரர் பொள்ளாச்சிக்காரரா என்பதெல்லாம் இதில் சேராது.

தமிழ்நாட்டில் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி 22-இல் அமலுக்கு வந்தது. யார் எதைச் சரிசெய்ய வேண்டும் என்று அதன் இரண்டாம் அட்டவணை பிரித்தே போட்டிருக்கிறது. கட்டட அமைப்பு சார்ந்த மராமத்து, வெள்ளையடிப்பு, குழாய் மாற்றுவது, வயரிங் எல்லாம் வீட்டுக்காரர் பாடு. குழாய் வாசர், சுவிட்ச், கதவுப் பூட்டு, வாஷ்பேசின், உடைந்த ஜன்னல் கண்ணாடி எல்லாம் குடியிருப்பவர் பாடு. வீட்டுக்காரர் தன் பங்கைச் செய்யாவிட்டால் நாமே செய்து வாடகையில் கழிக்கவும் அந்தச் சட்டம் இடம் தருகிறது.

இதை யாரோ யூடியூபில் விளக்கியிருப்பார்கள். அதைப் பார்த்துவிட்டுப் பாலக்காட்டு டவுனில் இருப்பவர் பிளம்பருக்குக் கொடுத்த பணத்தைத் தானே வாடகையில் கழித்துக்கொள்வார். கேரளாவில் இருப்பது 1965-ஆம் ஆண்டுக் கட்டட வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம். அதன் 17-ஆம் பிரிவின் வழி வேறு. முதலில் வீட்டுக்காரருக்கு நோட்டீஸ் தர வேண்டும். நியாயமான அவகாசம் போயும் அவர் செய்யவில்லை என்றால், இந்தச் சட்டப்படி அரசு நியமித்த அதிகாரியான அக்கமொடேஷன் கண்ட்ரோலரிடம் மனுப் போட வேண்டும். குடியிருப்பவரே செய்து வாடகையில் கழித்துக்கொள்ளலாம் என்று அந்த அதிகாரி உத்தரவு போட்ட பிறகுதான் கழிக்க வேண்டும். உத்தரவு இல்லாமல் கழித்த தொகையை வாடகை பாக்கி என்றுதான் எதிர்த்தரப்பு எழுதும்.

இன்னொன்று, இந்த 1965 சட்டம் அரசு அறிவித்த பகுதிகளுக்குத்தான். உங்கள் பஞ்சாயத்து அதில் வருகிறதா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். வராவிட்டால் 1882-ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டம் இருக்கிறது. வீட்டுக்காரர் செய்யக் கடமைப்பட்ட மராமத்தை, நோட்டீஸ் கொடுத்து நியாயமான காலம் காத்திருந்தும் அவர் செய்யாவிட்டால், நாமே செய்து செலவை வட்டியோடு வாடகையில் கழிக்கலாம் என்று அதன் 108-ஆம் பிரிவு சொல்கிறது. கரார் வேறு மாதிரிச் சொல்லியிருந்தால் கரார்தான் செல்லும். இந்த இரண்டில் எந்தச் சட்டமானாலும் அதில் ‘நோட்டீஸ்’ என்ற சொல் இருப்பதைக் கவனியுங்கள்.

வாய்ஸ் மெசேஜில் முறையிடுவது

இந்தப் பக்கத்து மலையாளி வீட்டுக்காரர்களில் பலர் நன்றாகத் தமிழ் பேசுவார்கள். எழுத்துத் தமிழ் அவர்களுக்கு ஓடாது. அதனால் நம் ஆட்கள் வாட்ஸாப்பில் பேசி அனுப்பிவிடுகிறார்கள். நாலு நிமிட மெசேஜில் ஓடு ஒழுகுவது கால் நிமிடம் வரும். மீதியெல்லாம் அட்வான்ஸ் கொடுத்த கதை, மாமியார் உடம்பு, கடைசியில் ஒரு திட்டு. பின்னால் அந்தத் திட்டை மட்டும் எதிர்த்தரப்பு வைத்துக்கொள்ளும்.

ஒரே ஒரு பக்கம் எழுதுங்கள். மலையாளத்தில் எழுதிக்கொடுக்க ஆள் கிடைத்தால் நல்லது, இல்லாவிட்டால் இங்கிலீஷ். என்ன பழுது, எந்த இடத்தில், எப்போதிலிருந்து, எந்தத் தேதிக்குள் சரிசெய்ய வேண்டும். அவ்வளவு போதும். ஒப்புகையோடு தபாலில் அனுப்பி, நகலைப் பத்திரப்படுத்துங்கள். வாட்ஸாப் படங்களைக் கோர்ட்டில் சாட்சியமாக வைக்க 2023-ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுப்படி ஒரு சான்றிதழும் கேட்பார்கள். காகிதத்தில் இந்தத் தொல்லை இல்லை.

வாடகையை நிறுத்துவது

இதுதான். எத்தனை பேர் வந்தாலும் இதைக் கேட்டதும் எனக்கு எரிச்சல் வந்துவிடும்.

“வாடகையை நிறுத்து, தானா ஓடி வருவான்” என்று டீக்கடையில் ஒருவர் சொல்லியிருப்பார். சொன்னவர் சொந்த வீட்டில் இருப்பவராகத்தான் இருப்பார்.

ஒலவக்கோட்டில் ஒரு பொள்ளாச்சிக்காரர் ஓட்டு வீட்டில் குடியிருந்து டிபன் கடை நடத்திவந்தார். சமையல்கட்டுக்கு மேலே கூரையைத் தாங்கும் கைமரங்களில் கரையான் ஏறி, ஓடு நிற்கும் பட்டியல் கட்டைகள் தொய்ந்து, உச்சியில் இருக்கும் மோட்டு ஓடு விலகிவிட்டது. மழை பெய்தால் தண்ணீர் நேரே அடுப்பில் விழும். அடுப்பைத் திண்ணைக்கு மாற்றி அங்கேதான் இட்லி ஊற்றினார்கள். வீட்டுக்காரரிடம் சொன்னபோது “மழ கழியட்டே” என்றார். மழை முடிந்த பிறகு போய்க் கேட்டால், “இப்போ ஒழுகலையே, அப்புறம் என்ன?” என்றார். கோபம் வரத்தான் செய்யும். அதில் தப்பே இல்லை.

அடுத்த மாதத்திலிருந்து வாடகை தரவில்லை. முன்பு பொள்ளாச்சியில் இருந்த வீட்டில் இதையே செய்து, அந்த வீட்டுக்காரர் பயந்துபோய் மேஸ்திரியை அனுப்பியிருக்கிறார். ஒருமுறை பலித்ததுதான் இவருக்குக் கெடுதலாகப் போனது. இந்த வீட்டுக்காரர் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. “பயந்துட்டான் சார்” என்று என்னிடமே சொன்னார். வாடகை வராதபோது வாய் திறக்காத வீட்டுக்காரரைக் கண்டால் எனக்குத்தான் பயம்.

மூன்று மாதம் போனதும் வக்கீல் நோட்டீஸ் பதிவுத் தபாலில் வந்தது. அடுத்த தவறு அங்கே. கையெழுத்துப் போடாவிட்டால் நோட்டீஸே வரவில்லை என்று ஆகிவிடும் என நினைத்துத் திருப்பி அனுப்பிவிட்டார். ‘வாங்க மறுத்தார்’ என்று தபால்காரர் எழுதிவிட்டால் அது கைக்கு வந்ததாகத்தான் பொதுவாக எடுத்துக்கொள்வார்கள். அந்தக் கவருக்குள் இருந்ததைப் படித்திருந்தால் தப்பித்திருப்பார். கேரளச் சட்டத்தின் 11-ஆம் பிரிவுப்படி, பாக்கிக்காக ஒருவரைக் காலிசெய்யச் சொல்லும் முன் பதிவு நோட்டீஸ் கொடுத்தே ஆக வேண்டும். நோட்டீஸ் கிடைத்த 15 நாளுக்குள் பாக்கியை 6 சதவீத வட்டியோடும் தபால் செலவோடும் கட்டிவிட்டால் அதைவைத்து வழக்கே போட முடியாது. 15 நாளும் போய்விட்டது. வழக்கு வந்தது.

இவர் கோர்ட்டுக்கு ஓட்டுப் படங்களைப் பிரிண்ட் போட்டு எடுத்துவந்தார். நல்ல படங்கள். கரையான் புற்றுகூடத் தெளிவாகத் தெரிந்தது. ஆனால் பாக்கி வழக்கில் முதல் கேள்வி பாக்கியைப் பற்றித்தான். ஒப்புக்கொண்ட பாக்கியைக் கட்டினால்தான் வழக்கை எதிர்த்தே பேச முடியும் என்று 12-ஆம் பிரிவு சொல்கிறது. பணத்தைக் கட்டுங்கள் என்றால், பணம் இல்லை. நிறுத்திய வாடகையைத் தனியாக எடுத்துவைத்தவரை நான் பார்த்ததே இல்லை. இவருக்கு அது பெண்ணின் காலேஜ் பீசாகப் போயிருந்தது.

கடைசியில் காலிசெய்யச் சொல்லி உத்தரவே ஆனது. அதற்குப் பிறகும் சட்டம் ஒரு கயிறு நீட்டுகிறது. ஒரு மாதத்துக்குள் பாக்கி, வட்டி, வழக்குச் செலவு மூன்றையும் கட்டினால் அந்த உத்தரவு ரத்தாகும். கந்துவட்டிக்கு வாங்கிக் கட்டினார். வீடு மிஞ்சியது. ஓடு அப்படியே இருந்தது. அதற்குப் பிறகு மராமத்துக்கு மனுப் போட்டபோது எதிர்த்தரப்பு எழுதிய பதிலில் முதல் வரியே ‘வாடகை தராத பழக்கமுள்ளவர்’ என்றுதான்.

சரி, என்ன செய்திருக்க வேண்டும்? முதல் தேதி வந்தால் வாடகை போய்விட வேண்டும். ஒழுகினாலும் சரி, வீட்டுக்காரரோடு பேச்சுவார்த்தை நின்றிருந்தாலும் சரி. கையில் கொடுக்காமல் பேங்க் கணக்குக்கோ கூகுள் பேயிலோ அனுப்பி, எந்த மாத வாடகை என்று அங்கேயே எழுதுங்கள். அந்தப் பக்கம் வேலை தனியாக நடக்கட்டும். நோட்டீஸ், ஓடு வேலை செய்பவரிடம் கையெழுத்தோடு ஒரு எஸ்டிமேட், தேதி தெரியும் படங்கள், பிறகு மனு. வாடகை ஒழுங்காகப் போய்க்கொண்டிருக்கும் ஆள் போட்ட மனுவுக்கு எதிராகப் பேச வீட்டுக்காரர் கையில் அதிகம் இருக்காது. இத்தனை எளிதான அனுகூலத்தைக் கோபத்தில் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வருகிறார்களே என்றுதான் எரிச்சல்.

அட்வான்ஸில் கழித்துக்கொள்ளச் சொல்வது

அதையும் வாடகை பாக்கி என்றுதான் எதிர்த்தரப்பு எழுதும்.

உள்ளதை விடக் கூட்டி எழுதுவது

நோட்டீஸில் பலர் ‘கட்டடம் எப்போது வேண்டுமானாலும் இடிந்துவிழும் நிலையில் உள்ளது’ என்று எழுதுகிறார்கள். அழுத்தமாக இருக்கும் என்று நினைப்பு. அந்த வரிக்கு வீட்டுக்காரர் நன்றி சொல்ல வேண்டும். கட்டடம் இடித்துக் கட்ட வேண்டிய நிலையில் இருந்து, உரிமையாளர் உண்மையாகவே கட்ட நினைத்தால், அதுவே காலிசெய்யச் சொல்ல ஒரு காரணம் என்று கேரளச் சட்டத்தில் இருக்கிறது. கட்டடத்தின் நிலைக்குச் சாட்சி தேடி அவர் வெளியே போக வேண்டியதில்லை. உங்கள் கையெழுத்திலேயே இருக்கிறது. புதிதாகக் கட்டிய பிறகு பழைய குடியிருப்பவருக்கு முதல் வாய்ப்பு உண்டுதான். அதுவரை எங்கே குடியிருப்பீர்கள்? புது வாடகை உங்களுக்குக் கட்டுப்படியாகுமா?

பஞ்சாயத்திலோ நகரசபையிலோ புகார் கொடுக்கும்போதும் இதே எச்சரிக்கை வேண்டும். செப்டிக் டேங்க் நிரம்பி வழிகிறது என்றால் சுகாதாரப் பிரிவுக்குப் போகலாம், பலன் உண்டு. கட்டடமே ஆபத்து என்று புகார் கொடுத்தால் வருகிறவர்கள் முதலில் வெளியேறச் சொல்வது உங்களைத்தான்.

‘சமையல்கட்டின் வடபக்கக் கைமரங்கள் மூன்று கரையான் அரித்துள்ளன, மோட்டு ஓடுகள் விலகியுள்ளன, மற்ற பகுதி நன்றாக உள்ளது.’ இப்படி எழுதுங்கள். அந்தக் கடைசிப் பகுதியை மறக்காதீர்கள்.

கேட்காமல் ஓட்டைப் பிரித்துத் தகரம் போடுவது

கட்டடத்தின் மதிப்பையோ பயனையோ நிரந்தரமாகக் குறைத்தார் என்று சொல்லவும் இடம் இருக்கிறது, அதற்கும் காலிசெய்யச் சொல்லலாம். அவசரத்துக்குத் தார்ப்பாய் கட்டுங்கள். சுவரையோ கூரையையோ மாற்றாதீர்கள்.

குழாய் வாசருக்கு வக்கீல் நோட்டீஸ்

நீங்களே மாற்றிவிடுங்கள்.

தண்ணீரை நிறுத்தினால் மல்லுக்குப் போவது

நோட்டீஸ் போன கோபத்தில் சில வீட்டுக்காரர்கள் கிணற்று மோட்டார் ரூமைப் பூட்டுவார்கள், பியூஸைப் பிடுங்குவார்கள். பதிலுக்குப் பூட்டை உடைப்பவர்கள் உண்டு. பிறகு விஷயம் போலீஸ் ஸ்டேஷனில் அடிதடிக் கேசாக நிற்கும். தக்க காரணமில்லாமல் இப்படிப்பட்ட வசதிகளை நிறுத்தக் கூடாது என்று கேரளச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு சொல்கிறது. இதற்கும் அக்கமொடேஷன் கண்ட்ரோலரிடம்தான் மனு, இடைக்கால உத்தரவும் கேட்கலாம். பூட்டைப் படம் எடுத்துக்கொண்டு அன்றைக்கே போங்கள். தமிழ்நாட்டுப் பக்கம் என்றால் இதற்கு வாடகை அதிகாரியிடம் போக வேண்டும்.

ஜூன் மாதத்தில் ஞாபகம் வருவது

மழை நேரத்தில் ஓடு மாற்றும் ஆள் கிடைக்க மாட்டார், கிடைத்தாலும் ஈர ஓட்டில் ஏற மாட்டார். பிப்ரவரியில் நோட்டீஸ் போனால்தான் ‘நியாயமான அவகாசம்’ மழைக்கு முன்னால் முடியும்.

காசு இல்லை என்று வக்கீலிடமே போகாமல் இருப்பது

1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும், தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உதவி உண்டு. கஞ்சிக்கோட்டில் ஷிப்ட் பார்ப்பவர்களில் பலர் இதில் வந்துவிடுவார்கள். வாடகைக் கரார் மனைவி பெயரில் இருந்தால் அவர் பெயரிலேயே கேட்கலாம். தாலுகா சட்டப் பணிக் குழு கோர்ட் வளாகத்திலேயே இருக்கும். வழக்குக்குப் போகாமலே வீட்டுக்காரரைக் கூப்பிட்டுப் பேசவைக்கவும் அங்கே வழி இருக்கிறது. பாதி மராமத்துகள் அந்த மேஜையிலேயே முடிந்துவிடுகின்றன.

போகும்போது கரார், நோட்டீஸ் நகல், ஒப்புகை, எஸ்டிமேட், வாடகை போன பேங்க் ஸ்டேட்மெண்ட் எல்லாவற்றையும் எடுத்துப்போங்கள். டீக்கடை ஆலோசகரைக் கூட்டிவர வேண்டாம்.