சின்ன லாயத்தில் பந்தயக் குதிரை பழக்குவது: முதலில் தொட்டியைப் பாருங்கள்

விடியற்காலை நாலரை மணிக்கு லாயத்துக்குள் நுழைந்ததும் டார்ச்சை முதலில் அடிப்பது தீவனத் தொட்டிக்குள்தான். ராத்திரி வைத்த தீனியில் எவ்வளவு மிச்சம்? இருபது வருஷமாக நான் கண்ணை மூடிக்கொண்டு நம்பும் கருவி இந்தத் தொட்டி. ஸ்டாப்வாட்ச் எல்லாம் அப்புறம். வழித்து நக்கியிருந்தால் சரி. ஓரத்தில் ஒரு கைப்பிடி கிடந்தால் நோட்டில் எழுதுவேன். கால்வாசி அப்படியே இருந்தால் அன்றைக்கு அந்தக் குதிரைக்கு வேக ஓட்டம் கிடையாது, யார் வந்து நின்றாலும் சரி. யார் வந்து நின்றாலும் என்று சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது, பின்னால் சொல்கிறேன்.

என்னிடம் இருப்பது ஏழு குதிரைகள். நூறு குதிரை வைத்திருக்கும் லாயத்தோடு நாம் பணத்தில் மோத முடியாது, நல்ல ரத்தவழிக் குட்டிகளும் நம் பக்கம் அதிகம் வராது. நமக்கு இருக்கும் ஒரே வசதி, ஏழின் இருபத்தெட்டுக் கால்களையும் தினமும் நாமே தொட்டுப் பார்க்கலாம் என்பதுதான். அதை விட்டுவிட்டுப் பெரிய லாயத்தைப் பார்த்துச் சூடு போட்டுக்கொண்டால் ஆறு மாதத்தில் கடை மூட வேண்டியதுதான்.

கால் பார்ப்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். குதிரை வெளியே நடப்பதற்கு முன்பே பார்க்க வேண்டும். நடந்துவிட்டால் ராத்திரி சேர்ந்த வீக்கம் பாதி வடிந்துவிடும், அப்புறம் தொட்டு என்ன பயன்? பாண்டேஜ் கட்டியிருந்தால் அவிழ்த்துப் பத்து நிமிஷம் விடுங்கள். இல்லையென்றால் துணியின் சூட்டையும் காலின் சூட்டையும் பிரித்துச் சொல்ல முடியாது. முதலில் இரண்டு முன்னங்கால்களையும் ஒரே நேரத்தில் புறங்கையால் தொடுங்கள். இரண்டும் ஒரே மாதிரி வெதுவெதுப்பாக இருந்தால் கவலை இல்லை. ஒன்று மட்டும் சுட்டால் அங்கே ஏதோ இருக்கிறது.

அடுத்து ஒரு காலைத் தூக்கி மடக்குங்கள். முழங்காலுக்கும் கணுவுக்கும் நடுவே, பின்பக்கமாகக் கயிறு மாதிரி ஒரு தசைநாண் இறங்கும். ஓடும் குதிரையின் பாரத்தைத் தாங்கி ஸ்பிரிங் போலத் திரும்ப எழுப்பிவிடுவது இதுதான். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் பிடித்து மேலிருந்து கீழே மெல்ல வழித்து வாருங்கள். விளிம்பு கூராக, ஒரே தடிமனாக இருக்க வேண்டும். ஏதாவது ஓரிடத்தில் விரல் கொஞ்சம் மெத்தென்று அமுங்கினாலோ, குதிரை காலை வெடுக்கென்று இழுத்தாலோ அதே இடத்தை இன்னொரு முறை அழுத்துங்கள். மறுபடியும் இழுத்தால் டாக்டரைக் கூப்பிட்டு ஸ்கேன் எடுங்கள். "நேற்று ஈ கடித்திருக்கும்" என்று சொல்ல லாயத்தில் எப்போதும் ஒருவர் இருப்பார். என் லாயத்தில் அந்த ஒருவர் நானாகத்தான் இருந்தேன்.

கடைசியாகக் கணுவுக்குக் கீழே நாடி பாருங்கள். சாதாரணமாகத் தேடித்தான் பிடிக்க வேண்டும். விரல் வைத்ததும் துள்ளினால் குளம்பில் கோளாறு: ஆணி இடம் மாறி இறங்கியிருக்கலாம், உள்ளே சீழ் கட்டியிருக்கலாம். நாலைந்து வாரத்துக்கு ஒரு முறை லாடம் மாற்றும் நாளுக்கு மறுநாள் இதைத் தவறவிடவே கூடாது.

வெப்பம், இதயத் துடிப்பு இரண்டையும் நோட்டில் ஏற்றுங்கள். வெப்பம் 37.5 முதல் 38.5 டிகிரி, ஓய்வில் துடிப்பு நிமிஷத்துக்கு 28 முதல் 40 என்பது பொதுக் கணக்கு. ஆனால் உங்கள் குதிரைக்கு வழக்கமாக 30 என்றால், 40 காட்டும் காலை புத்தகப்படி சரியாக இருந்தாலும் உங்களுக்குச் சரியில்லை. அந்த வித்தியாசம் தெரிவதற்குத்தான் தினமும் எழுதுவது.

புதிதாக இரண்டு வயதுக் குட்டி ஒன்று வந்தால் என்ன செய்வது என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். முதலில் அதன் உண்மையான பிறந்த தேதியைப் பாருங்கள். பந்தயக் கணக்கில் பூமியின் வடக்குப் பாதியில் எல்லாக் குதிரைக்கும் ஜனவரி 1 பிறந்தநாள், தெற்கே ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் ஆகஸ்ட் 1. காகிதத்தில் இரண்டு வயது என்று வரும் குட்டி நிஜத்தில் இருபது மாதமாகக்கூட இருக்கும். முழங்காலுக்கு மேல் உள்ள வளர்ச்சித் தட்டு, அதாவது எலும்பு நீளும் இடம், அப்போது மூடியிருக்காது. எக்ஸ்ரே எடுத்தால் தெரியும்.

இந்தத் தொழிலின் பெரிய பொறி இங்கேதான் இருக்கிறது. குதிரையின் இதயமும் நுரையீரலும் சில வாரங்களிலேயே தேறிவிடும். தசையும் பின்னாலேயே வந்துவிடும். எலும்புக்கும் தசைநாணுக்கும் மாதக்கணக்காகும். மூன்றாவது மாதம் குதிரை மூச்சு வாங்காமல் ஓடிவிட்டு, இன்னும் போகலாமா என்று தலையை ஆட்டும். நமக்கும் கை பரபரக்கும். எஞ்சின் தயார், சக்கரம் தயாரில்லை. அங்கே அவசரப்படுகிறவர்கள்தான் நொண்டிக் குதிரையோடு நிற்கிறார்கள்.

அதற்காக ஆறு மாதம் வெறும் மெதுநடையும் உதவாது. எலும்பு எந்த வேலையைச் சந்திக்கிறதோ அதற்குத்தான் தன்னைத் திருத்திக்கொள்ளும். மெதுவாகவே ஓடிய கால் மெது ஓட்டத்துக்குத்தான் பழகியிருக்கும். திடீரென்று வேகம் கொடுத்தால் முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பு நொந்து, தொட்டாலே சிலிர்க்கும். இளங்குதிரைகளுக்கு மிகச் சாதாரணமாக வரும் தொல்லை இது. நான் செய்வது இதுதான்: முதல் ஆறு முதல் எட்டு வாரம் நடை, ட்ராட் என்கிற துள்ளுநடை, கொஞ்சம் கொஞ்சமாகக் கேன்டர் என்கிற மிதமான ஓட்டம். அப்புறம் வாரத்துக்கு இரண்டு நாள், கேன்டரின் கடைசியில் மட்டும் ஒரு பர்லாங், அதாவது சுமார் 200 மீட்டர், 15 விநாடியில். இரண்டு மூன்று வாரம் கழித்து அதையே இரண்டு பர்லாங் ஆக்குவேன். பந்தயத்தில் பர்லாங்குக்கு ஏறத்தாழ 12 விநாடி ஆகும். அந்த வேகத்தை வீட்டில் அடிக்கடி காட்டத் தேவையே இல்லை.

வேக ஓட்டத்துக்கு ஸ்டாப்வாட்ச் பிடித்தால் நேரத்தோடு நின்றுவிடாதீர்கள். நின்ற பிறகு குதிரை எவ்வளவு சீக்கிரம் மூச்சு அடங்குகிறது என்பதையும் எழுதுங்கள். குதிரைக்கு வாயால் மூச்சு விட வராது, மூக்கு ஒன்றுதான் வழி. நாலுகால் பாய்ச்சலில் ஒரு தாவலுக்கு ஒரு மூச்சு என்று கட்டுப்பட்டிருக்கும். அதனால் தொண்டையில் சின்னத் தடை இருந்தாலும் ஓட்டம் சுருங்கிவிடும். இரைச்சல் கேட்கிறதா என்று சவாரி செய்கிற பையனைக் கேளுங்கள். என் பையன் ஒரு நாள், "அண்ணே, இது கடைசி பர்லாங்கில் பாட்டுப் பாடுது" என்றான். மூக்கு வழியாகக் கேமராக் குழாய் விட்டுப் பார்த்தால் குரல்வளையில் ஒரு பக்கம் வேலை செய்யவில்லை. வேகத்துக்குப் பின் மூக்கில் ரத்தம் தெரிந்தாலும் அப்படித்தான், குழாய் விட்டே பார்க்க வேண்டும். வெளியே சொட்டாமல் உள்ளேயே கசியும் குதிரைகள் ஏராளம்.

தீனி விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் பிடிவாதம் அதிகம். உலர்புல்தான் அடித்தளம், தானியம் அதன் மேல்தான். குதிரையின் எடையில் குறைந்தது நூற்றில் ஒன்றரைப் பங்கு உலர்புல் ஒரு நாளைக்கு. 500 கிலோ குதிரைக்கு ஏழரை கிலோ. தானியம் ஒரு வேளைக்கு இரண்டு கிலோவுக்கு மேல் வேண்டாம், வேளையைக் கூட்டிக்கொள்ளுங்கள். உடம்புக்கு அதன் இரைப்பை மிகச் சின்னது, தின்றாலும் தின்னாவிட்டாலும் அமிலம் சுரந்துகொண்டே இருக்கும். பந்தயக் குதிரைகளில் பெரும்பாலானவற்றுக்கு இரைப்பைப் புண் இருப்பது இதனால்தான். காலை ஓட்டத்துக்கு முன் ஒரு பிடி உலர்புல் கொடுங்கள். ஓடும்போது அமிலம் மேலே தெறிக்காமல் அது மெத்தை போல மிதக்கும். ஓய்வு நாளுக்கு முந்தின ராத்திரியே தானியத்தைப் பாதியாக்கிவிடுங்கள். முழுத் தீனி தின்று ஒரு நாள் சும்மா நின்ற குதிரை, மறுநாள் ஓட விட்டதும் இடுப்புத் தசை கட்டையாக இறுகி நின்ற இடத்திலேயே வியர்த்துக் கொட்டும். ஒரு முறை அதைப் பார்த்தால் அளவுக் கிண்ணத்தைக் கையிலிருந்து கீழே வைக்க மாட்டீர்கள்.

இன்னொன்று. காபி குடித்த கப்பைத் தொட்டிப் பக்கம் கொண்டுபோகாதீர்கள், சாக்லேட்டையும் ஊட்டாதீர்கள். காபியில் இருக்கும் காஃபீனும் சாக்லேட்டில் இருக்கும் தியோபுரோமினும் பந்தயச் சோதனையில் தடை செய்யப்பட்டவை. சின்ன லாயத்தில் ஒருவரே தீனி கலந்து, மருந்து கொடுத்து, காபியும் குடிப்பதால் இந்த விபத்து நமக்குத்தான் சுலபமாக நடக்கும். எந்த மருந்து, என்ன அளவு, எந்த மணிக்கு என்று அன்றே எழுதிவிடுங்கள். என் நோட்டில் ஒரு முறை இரண்டு பக்கத்தை ஆடு தின்றுவிட்டது. தனியாக நின்றால் உடம்பை இடமும் வலமும் ஆட்டிக்கொண்டே இருக்கும் குதிரை ஒன்றுக்குத் துணையாகக் கட்டிய ஆடு அது. குதிரை கூட்டமாக வாழப் பிறந்தது. ஆடு வந்த பிறகு குதிரை ஆடுவதை நிறுத்தி எடையும் ஏறியது. நோட்டை இப்போது ஆணியில் உயரமாக மாட்டியிருக்கிறேன்.

சரி, அந்தக் கதை. நாலு வயதுப் பெண் குதிரை, என் லாயத்திலேயே கெட்டிக்காரி. ஒரு காலை தொட்டியில் கால்வாசி மிச்சம். இடது முன்னங்காலில் விரல் வைத்தால் லேசான சூடு, அதுவும் இருக்கிறதா இல்லையா என்கிற அளவில். அன்றைக்குச் சொந்தக்காரர் மூன்று நண்பர்களோடு ஓட்டம் பார்க்க வருவதாக இருந்தது. முந்தின மாதம் இரண்டு குதிரைகளை வேறு லாயத்துக்கு இழந்திருந்தேன், இவரையும் இழந்தால் மாதம் ஓடாது. லாயத்து ஆள், "இன்னைக்கு வேண்டாம் சார், அது முகமே சரியில்லை" என்றார். நான் ஓட விட்டேன். அழகாகத்தான் ஓடியது. நண்பர்கள் கை தட்டினார்கள். சாயங்காலம் தசைநாண் வில் மாதிரி வெளியே வளைந்து நின்றது. பதினொரு மாதம் போயிற்று. குதிரை கீழே தள்ளியதும் இல்லாமல் குழியும் பறித்தது என்பார்கள். இங்கே குதிரையைக் கீழே தள்ளியதும் நான், குழி பறித்ததும் நான். அந்தச் சொந்தக்காரரும் போய்விட்டார்.

அதிலிருந்து சொந்தக்காரர்களிடம் பேசும் முறையையே மாற்றினேன். குதிரை வந்த முதல் நாளே சொல்லிவிடுவேன்: "நீங்கள் வரும் நாளில் குதிரை நடக்க மட்டுமே செய்யலாம், கோபித்துக்கொள்ளாதீர்கள்." வாரம் ஒரு முறை, நல்லதோ கெட்டதோ, நானே போன் செய்கிறேன். கெட்ட செய்தியை அவர் அடுத்தவர் வாயால் கேட்டால் அன்றோடு குதிரை கைமாறிவிடும். மாதாந்திரக் கட்டணத்தில் டாக்டர், லாடம், வண்டிச் செலவு சேருமா சேராதா என்பதையும் முதலிலேயே எழுதி வாங்குங்கள். நட்பு முறியும் இடம் பெரும்பாலும் இதுதான்.

பந்தயம் தேர்ந்தெடுப்பதில் சின்ன லாயத்துக்காரர்களுக்கு ஆசையும் பயமும் ஒரே அளவில் இருக்கும். என் விதி, குதிரை நாலாவதாகவாவது வரும் என்று தோன்றாத பந்தயத்துக்கு வண்டி ஏற்றுவதில்லை. ஆனால் சிறிய இடத்திலிருந்து பெரியது வராது என்பதும் பொய். ரெட் ரம் என்ற குதிரை 1973, 1974, 1977 என்று மூன்று முறை இங்கிலாந்தின் பெரிய தடை தாண்டும் பந்தயமான கிராண்ட் நேஷனலை ஜெயித்தது. அதைப் பழக்கிய ஜிஞ்சர் மெக்கெய்ன் கார் விற்றுக்கொண்டிருந்தவர், லாயம் சவுத்போர்ட் என்ற கடலோர ஊரில் அவருடைய கார் ஷோரூமுக்குப் பின்னால். குளம்பு எலும்பில் கோளாறு இருந்த அந்தக் குதிரையை அவர் ஓட்டியது கடற்கரை மணலில். 1990-இல் அங்கேயே இன்னொரு பெரிய தடை தாண்டும் பந்தயமான செல்டன்ஹம் கோல்டு கப்பை ஜெயித்த நார்ட்டன்ஸ் காயின் என்ற குதிரையின் மீது பந்தயம் ஒன்றுக்கு நூறு, அதாவது அது ஜெயிக்கும் என்று யாரும் நம்பவில்லை. பழக்கியவர் சிரெல் கிரிஃபித்ஸ், வேல்ஸில் பால் மாடு வைத்திருந்த விவசாயி. இரண்டு பேருமே தங்களிடம் இருந்த குதிரைக்கு ஏற்ற இடத்தைக் கண்டுபிடித்தார்கள் என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. உங்களிடம் மணல் இல்லையென்றால் மேட்டுச் சரிவு இருக்கலாம். மேட்டில் ஏறினால் வேகம் குறைவாக இருக்கும்போதே மூச்சு வேலை செய்யும், முன்னங்காலில் பாரமும் குறையும்.

ஸ்டார்ட்டிங் கேட், அதாவது பந்தயம் தொடங்கும் முன் குதிரை நிற்கும் கூண்டு, அதில் பழக்குவதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். முதல் வாரம் கதவு இரண்டும் திறந்திருக்க நடந்து போய் வெளியே வந்தால் போதும். அப்புறம் உள்ளே நின்று ஒரு வாய்ப் புல். கடைசியில்தான் கதவு மூடுவது. வலுக்கட்டாயமாகத் தள்ளிய குதிரை அதை ஆயுளுக்கும் மறக்காது.

அந்தப் பெண் குதிரை திரும்பி வந்து நாலு முறை ஓடியது. ஒரு முறை இரண்டாவது. ஐந்தாவதுக்குத் தயாராகும்போது அதே காலில் விரல் மறுபடி மெத்தென்று அமுங்கியது, அன்றே நிறுத்திவிட்டேன். ஓட்டத்திலிருந்து எடுக்கும் குதிரையை உடனே வெளியே தள்ளாதீர்கள். ஒரு மாதமாவது தானியத்தைப் படிப்படியாகக் குறைத்து, தினமும் கொஞ்ச நேரம் திறந்த வெளியில் விட்டு, மெதுவாக இறக்குங்கள். அதுவரை ஓடுவது ஒன்றே வேலை என்று இருந்த உடம்பு அது. எடுத்துக்கொள்பவர் வந்தால் நோட்டில் அதன் பக்கங்களைக் கிழித்துக் கூடவே கொடுங்கள்: எந்தக் கால், எந்தத் தேதி, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, எதைக் கண்டால் மிரளும். சவாரி கற்றுக்கொடுக்கும் ஓர் அம்மா அதை அழைத்துப் போனார். கடைசிப் பக்கத்தில் நான் எழுதியிருந்தது: "இடது முன்னங்கால். வலது பக்கமிருந்து ஏற விடாது. குடையை விரித்தால் ஓடிவிடும்."