1750 முதல் 1801 வரை: அளவு பிசகாத காலக்கோடு செய்யும் முறை

சிங்கப்பூரின் ஏப்ரல் தமிழ்மொழி விழாவுக்குச் சமூக மன்றத்திலோ வாய்ட் டெக்கிலோ (அடுக்குமாடிக் கட்டடத்தின் திறந்த கீழ்த்தளம்) வைப்பதற்கேற்ற காலக்கோட்டுப் பலகை இது. இத்தகைய பலகைகள் பெரும்பாலும் ஒரே காரணத்தால் கெடுகின்றன: நிகழ்ச்சிகளைச் சம இடைவெளியில் ஒட்டிவிடுகிறார்கள். பிளாசிப் போருக்கும் (1757) வந்தவாசிப் போருக்கும் (1760) நடுவே விட்ட அதே தூரத்தை சயாமின் தலைநகர் அயுத்தயாவின் வீழ்ச்சிக்கும் (1767) அமெரிக்க விடுதலை அறிவிப்புக்கும் (1776) விட்டால், பார்ப்பவருக்குக் காலம் எங்கே நெருக்கியது, எங்கே ஓய்ந்தது என்பதே தெரியாது.

ஆண்டுக்கு 8 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். 52 ஆண்டுக்கு 416 செ.மீ. ஏ1 ஃபோம் போர்டு ஐந்தைப் படுக்கைவாட்டில் சேர்த்தால் 420.5 செ.மீ. வரும், இரு ஓரமும் 2 செ.மீ. மிஞ்சும். 1800-இல் நிறுத்திவிடாதீர்கள். மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டது 1801 அக்டோபர் 24. அது இல்லாவிட்டால் பாளையக்காரர் போராட்டம் பாதியில் அறுந்து நிற்கும்.

பலகையின் உயரம் 59.4 செ.மீ. மேலே 6 செ.மீ. ஆண்டுக்கோலுக்கு. அதன்கீழ் தலா 12 செ.மீ. உயரத்தில் நான்கு வரிசை: தென்னிந்தியா, மலாய் உலகம், மற்ற ஆசியா, ஐரோப்பாவும் அமெரிக்காவும். அடியில் மிஞ்சுவது நிறக்குறிப்புக்கு.

இடம் குறிக்கும் கணக்கு எளிது. ஆண்டிலிருந்து 1750-ஐக் கழித்து 8-ஆல் பெருக்குங்கள். அந்த ஆண்டில் கழிந்த ஒவ்வொரு மாதத்துக்கும் 0.67 செ.மீ. கூட்டுங்கள், மிஞ்சிய நாட்களுக்கும் அதே விகிதத்தில். 1760 ஜனவரி 22 வந்தவாசிப் போர் 80.5-இல் விழும், 1789 ஜூலை 14 பாரிஸின் பஸ்தீல் சிறை வீழ்ந்தது 316.3-இல். பென்சிலால் எல்லாப் புள்ளிகளையும் வைத்து முடித்த பிறகே சீட்டுகளை வெட்டுங்கள். ஏனென்றால் 1799 உங்களைத் திணறடிக்கும். மே 4 திப்பு சுல்தான் மரணம் 394.7, அக்டோபர் 16 கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டது 398.3, நவம்பர் 9 நெப்போலியன் ஆட்சியைப் பிடித்தது 398.8, டிசம்பர் 31 டச்சு கிழக்கிந்தியக் கம்பெனி கலைக்கப்பட்டது 400. நான்கும் 5.3 செ.மீ.க்குள். சீட்டின் அகலமோ 9 செ.மீ. புள்ளியை நகர்த்தவே கூடாது. சீட்டைத்தான் நகர்த்த வேண்டும். ஒரே வரிசையில் வருபவற்றை ஒன்றை மேலும் மற்றதைக் கீழுமாக வைத்து, மெல்லிய கோட்டால் புள்ளியோடு இணைத்தால் போதும். மருதுவின் புள்ளி 414.5-இல் இருப்பதால் சீட்டு இடப்பக்கம் வரட்டும்.

போரைப் புள்ளியாகக் காட்டுவது அடுத்த தவறு. ஏழாண்டுப் போர் 1756 மே முதல் 1763 பிப்ரவரி வரை, 54 செ.மீ. நீள நிறப்பட்டையாக அதை நான்கு வரிசைக்கும் பின்னணியில் ஓடவிடுங்கள். பிளாசி, வந்தவாசி, 1761 ஜனவரியில் புதுச்சேரியின் வீழ்ச்சி மூன்றும் அந்தப் பட்டைக்குள்ளேயே உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும், ஐரோப்பியச் சண்டை நம் ஊர் வயல்களில் நடந்தது விளக்காமலே புரியும்.

தேதிகளில் எச்சரிக்கை வேண்டும். பிரிட்டன் 1752 செப்டம்பர் 2-க்கு மறுநாளை 14 என்று எண்ணிப் புதிய நாட்காட்டிக்கு மாறியது. அதற்கு முன் ஆங்கிலேயர் குறிப்பும் பிரெஞ்சுக்காரர் குறிப்பும் 11 நாள் வேறுபடும். ஆங்கிலேயத் தளபதி கிளைவ் ஆற்காட்டில் நுழைந்தது ஆங்கிலக் கணக்கில் 1751 ஆகஸ்ட் 31, புதுச்சேரியின் பிரெஞ்சுக் கணக்கில் செப்டம்பர் 11. கவனிக்காவிட்டால் ஒரே நிகழ்ச்சிக்கு இரண்டு சீட்டு ஒட்டிவிடுவீர்கள். எல்லாவற்றையும் புதிய நாட்காட்டிக்கே மாற்றிக்கொள்ளுங்கள். புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரருக்குத் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைப் பயன்படுத்துவோர் தமிழ் ஆண்டையும் சேர்க்கலாம், அழகாக இருக்கும். ஆனால் அக்காலத்தில் சித்திரை பிறந்தது ஏப்ரல் 10-ஐ ஒட்டி, இப்போதுபோல் 14-இல் இல்லை. வந்தவாசிப் போர் ஜனவரியில் நடந்ததால் அது பிரமாதி ஆண்டு. 1760 என்பதைப் பார்த்து விக்கிரம என்று போட்டுவிட வேண்டாம்.

சிங்கப்பூரில் வைக்கும் பலகைக்கு உயிர் மலாய் உலக வரிசைதான். ராஃபிள்ஸ் சிங்கப்பூரில் வந்திறங்கிய 1819 இதில் வராது என்பதால் அந்த வரிசையைக் காலியாக விட்டுவிடுகிறார்கள். அல்லது 1781-இல் அவர் பிறந்தார் என்று நிரப்புகிறார்கள். இரண்டும் வேண்டாம். ஒரு சிவப்பு நூலை எடுத்து இந்த நிகழ்ச்சிகளை வரிசையாக இணையுங்கள். 1780 டிசம்பரில் பிரிட்டனும் ஹாலந்தும் போரில் இறங்குகின்றன. 1781 நவம்பரில் டச்சுக்காரரின் நாகப்பட்டினம் ஆங்கிலேயர் கைக்கு வருகிறது. 1782-இல் சிங்கப்பூருக்குத் தெற்கே உள்ள ரியாவ் தீவுகளில் பிடிபட்ட பிரிட்டிஷ் கப்பலில் பங்கு கேட்ட ரியாவ் ஆட்சியாளர் ராஜா ஹாஜிக்கும் டச்சுக்காரருக்கும் பகை மூள்கிறது. 1784 ஜூன் 18-இல் அவர் மலாக்கா அருகே தெலுக் கெத்தாப்பாங்கில் கொல்லப்படுகிறார். நூல் தென்னிந்திய வரிசையிலிருந்து மலாய் வரிசைக்கு இறங்கும் அந்த ஓரிடமே முழுப் பலகைக்கும் மதிப்பு. அடுத்து 1786 ஆகஸ்ட் 11 பினாங்கு, 1795 ஆகஸ்டில் மலாக்கா ஆங்கிலேயரிடம் போனது.

சீட்டு 9 × 5 செ.மீ. தலைப்பு 20 புள்ளி, விவரம் 14 புள்ளி, 12 சொல்லுக்கு மேல் வேண்டாம். சில வடிவமைப்பு மென்பொருள்களில் தமிழ்க் கொம்பு எழுத்தைவிட்டுப் பிரிந்துவிடும். பிடிஎஃப் கோப்பை வேறொரு கணினியில் திறந்து ‘கொ’, ‘பௌ’, ‘ஸ்ரீ’ வரும் சொற்களைப் பார்த்த பிறகே அச்சுக்கு அனுப்புங்கள். பலகைகள் சேரும் இடங்கள் 1760 ஏப்ரல், 1770 அக்டோபர், 1781 ஏப்ரல், 1791 அக்டோபர். அங்கே சீட்டு குறுக்கே விழாமல் பாருங்கள். 1760 ஜனவரி வந்தவாசி, 1780 டிசம்பர் பிரிட்டன்–ஹாலந்து போர், 1791 ஆகஸ்ட் ஹைட்டி எழுச்சி ஆகியவை இதில் மாட்டிக்கொள்ளும்.

ஈரப்பசையால் ஒட்டினால் நம் காற்றின் ஈரத்தில் தாள் சுருண்டு எழும்பும். இருபக்க டேப் நல்லது. வாய்ட் டெக்கில் சாரல் அடிக்கும், எனவே லேமினேட் அவசியம். பளபளப்பானது விளக்கொளியில் கண்ணைக் கூசும். மேட் வகையைக் கேளுங்கள். சுவரிலோ தூணிலோ எதையும் ஒட்டுமுன் நகர மன்றத்தின் அனுமதி பெறுங்கள்.