ம் கொட்டாமல் ஓர் உரையாடல்

என் அத்தை தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராக இருந்தவர். வயரைக் கையால் சொருகி இரண்டு பேரைப் பேசவைத்த காலத்தைப் பற்றி அவரிடம் கேட்டுப் பதிவு செய்ததுதான் என் முதல் பாட்காஸ்ட். பேசியது இருபத்தைந்து நிமிடம், வெளியே விட்டது பத்து நிமிடம். அதில் கற்றுக்கொண்டதை எழுதுகிறேன்.

முதலில் அறை. கண்ணை மூடி ஒரு நிமிடம் சும்மா உட்காருங்கள். ஃபேன், ஃப்ரிட்ஜ், சுவர்க்கடிகாரம் என்று ஒவ்வொன்றாகக் காதில் விழும். அணைக்க முடிந்ததை அணைத்துவிடுங்கள். பிறகு ஒருமுறை கைதட்டிப் பாருங்கள். சத்தம் சுவரில் பட்டுத் திரும்பி வந்தால் வேறு அறைக்கு மாறுங்கள். மெத்தையும் திரைச்சீலையும் துணி அடுக்கிய அலமாரியும் இருக்கிற படுக்கையறை நல்லது. இரைச்சலைப் பின்னால் ஓரளவு குறைத்துவிடலாம். குரலோடு கலந்துவிட்ட எதிரொலியைப் பிரிப்பது பெரும்பாடு.

மைக் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், நேர் எதிரே இல்லாமல் கொஞ்சம் பக்கவாட்டில் இருக்கட்டும். நேராக வைத்தால் ‘ப’ வரும் இடமெல்லாம் காற்று மோதி ‘டப் டப்’ என்று கேட்கும். ஆளுக்கொரு மைக் இருந்தால், இரண்டு மைக்குக்கும் இடையே குறைந்தது மூன்று சாண் விடுங்கள். ஒருவர் குரல் மற்றவர் மைக்கில் அதிகம் ஏறாது. ஒரே ஒரு போன்தான் என்றாலும் கவலை வேண்டாம். ஏர்பிளேன் மோடில் போட்டு, மடித்த துண்டின் மேல் வையுங்கள். மேஜையில் கை படும் சத்தத்தைத் துண்டு வாங்கிக்கொள்ளும். மெல்லிய குரல்காரர் பக்கம் போன் சற்று நெருங்கியிருக்கட்டும்.

குரல் எவ்வளவு சத்தமாகப் பதிவாகிறது என்கிற லெவலைப் பார்க்க ‘ஒன்று, இரண்டு’ சொல்லச் சொல்லாதீர்கள். சிரிக்க வையுங்கள். பேச்சில் அதிகம் எகிறுவது சிரிப்புதான். பதிவு மீட்டரில் அது மைனஸ் 12 டெசிபல் பக்கம் நின்றால் போதும். மீட்டரின் உச்சமான 0-வைத் தொட்டுக் கிழிந்த குரலை முழுதாக மீட்க முடியாது. வசதி இருந்தால் ஒலியைச் சுருக்காத வேவ் ஃபைலாகவே பதிவு செய்யுங்கள், சுருக்குகிற எம்பி3 கடைசியில்தான்.

பேச்சைத் தொடங்கும் முன் 30 வினாடி இருவரும் வாய் திறக்காமல் இருங்கள், பதிவு மட்டும் ஓடட்டும். அந்த அறையின் வெறும் சத்தம் எடிட்டில் உங்களுக்குத் தேவைப்படும்.

நமக்கென்றே ஒரு பழக்கம் இருக்கிறது: ம் கொட்டுவது. யாராவது கதை சொன்னால் ‘ம்... ஆமா... அப்படியா’ என்று வாய் தானாகச் சொல்லும். நேரில் அது மரியாதை, பதிவில் அது தொல்லை. அத்தை ஒரு வாக்கியத்தை முடிக்கிற இடத்தில், வினைச்சொல்லின் வால் மேலேயே என் ‘ம்’ உட்கார்ந்திருந்தது. தமிழில் விஷயம் முடிவதே அந்த வாலில்தான். இருவர் குரலும் ஒரே ட்ராக்கில் இருந்ததால் வெட்ட வழியில்லை. அதற்குப்பின் தலையை மட்டும்தான் ஆட்டுகிறேன். அவர் முடித்ததும் ஒரு மூச்சு விட்டுத்தான் அடுத்த கேள்வி.

எடிட்டுக்கு நான் பயன்படுத்துவது ஆடாசிட்டி என்ற கம்ப்யூட்டர் மென்பொருள். 2000ஆம் ஆண்டிலிருந்து இலவசமாகக் கிடைக்கிறது. மூல ஃபைலை நகலெடுத்துத் தனியே வைத்துவிட்டு, முதல்முறை எதையும் வெட்டாமல், பேப்பரும் பேனாவுமாக முழுதாகக் கேளுங்கள். எந்த நிமிடத்தில் எது நன்றாக இருக்கிறது என்று குறியுங்கள். பெரிய துண்டுகளை முதலில் எடுத்துவிட்டு, பிறகுதான் சொல் சொல்லாகப் போக வேண்டும்.

‘வந்து’ என்ற சொல்லைக் கண்ணை மூடிக்கொண்டு வெட்டாதீர்கள். ‘நான் வந்து, அப்ப வந்து’ என்பதில் போகட்டும். ‘ராத்திரி வந்து பேசினாங்க’ என்பதில் அது வேலை செய்கிற சொல். வெட்டும் முன் திரையில் தெரியும் ஒலி அலையைப் பெரிதாக்கிப் பாருங்கள். மூச்சை இழுக்கும் இடத்துக்குச் சற்று முன்னால் வெட்டினால் ஒட்டு தெரியாது, மூச்சைப் பாதியில் அறுத்தால் யாருக்கும் தெரிந்துவிடும். வெட்டிய இடத்தில் வெறுமை விழுந்தால் காது திடுக்கிடும். அங்கே அந்த 30 வினாடி அறைச் சத்தத்திலிருந்து ஒரு துண்டை நிரப்புங்கள். இரைச்சல் குறைக்கவும் அதையே மாதிரியாகக் காட்டலாம். அளவோடு குறையுங்கள், மீறினால் குரல் தண்ணீருக்குள் இருந்து வருவதுபோல ஆகிவிடும்.

“கடைசியா யாருக்கு லைன் போட்டீங்க அத்தை?” என்று கேட்டிருந்தேன். நான்கு வினாடி அவர் பேசவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைக்கும் சத்தம் மட்டும். பிறகு, “தெரியலையேப்பா. அதுதான் கடைசின்னு அன்னைக்குத் தெரியாதே.” முதல் எடிட்டில் அந்த நான்கு வினாடியை எடுத்திருந்தேன். கேட்டால், கேள்வியைத் தட்டிக்கழிப்பவர் மாதிரி பட்டென்று பதில் சொன்னார். அது அத்தையே இல்லை. திரும்ப ஒட்டினேன். இழுபறியான மௌனம் வேறு, யோசிக்கிற மௌனம் வேறு; வெட்டும் முன் இரண்டு முறையாவது கேளுங்கள்.

கடைசியாக, இருவர் குரலும் ஒரே அளவில் கேட்கிறதா என்று பாருங்கள். ஒலியளவை ஸ்டீரியோ என்றால் மைனஸ் 16, மோனோ என்றால் மைனஸ் 19 எல்.யு.எஃப்.எஸ். (காதுக்கு எவ்வளவு சத்தமாகக் கேட்கிறது என்பதை அளக்கும் அலகு) பக்கம் வைப்பது வழக்கம். ஹெட்போனில் ஒருமுறை, போன் ஸ்பீக்கரில் ஒருமுறை கேட்டுவிட்டு எம்பி3 ஆக்குங்கள்.

வெளியிடும் முன் பேசியவரிடம் கட்டாயம் போட்டுக் காட்டுங்கள். அத்தை முழுதும் கேட்டுவிட்டு, ஒரே ஒரு பெயரை மட்டும் எடுத்துவிடச் சொன்னார். எடுத்துவிட்டேன். அந்த இடத்தில் இப்போது அறையின் சத்தம் இருக்கிறது.