பியர்டட் டிராகன் சாப்பிட மறுக்கிறதா? முதலில் விளக்கைப் பாருங்கள்

வீட்டில் வளர்க்கும் ஓணான் வகையான பியர்டட் டிராகனுக்குக் காலையில் வைத்த கீரை மாலைவரை அப்படியே வாடிக் கிடக்கிறது. நேற்றுவரை பாய்ந்து பிடித்த பூச்சியை இன்று ஏறெடுத்தும் பார்க்கவில்லை. உடனே கடைக்கு ஓடி வேறு தீனி வாங்கி வருவதுதான் புதிதாக வளர்ப்பவர்களின் வழக்கம். தீனியைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். பசி குறைவதற்கான காரணம் பெரும்பாலும் தொட்டிக்குள் இருக்கும் சூட்டிலும் ஒளியிலும்தான் கிடைக்கும். கீழே உள்ள வரிசையிலேயே ஒவ்வொன்றாகப் பார்த்து வாருங்கள்.

படி 1: எடை போடுங்கள்

சமையலறைத் தராசு போதும். ஒரு பிளாஸ்டிக் டப்பாவை வைத்துத் தராசைச் சுழியத்துக்குக் கொண்டுவந்து, அதற்குள் டிராகனை விட்டு, எடையைத் தேதியோடு குறித்து வையுங்கள். வளர்ந்த டிராகன் சில நாள் சாப்பிடாவிட்டாலும் எடை நிலையாக இருந்தால் பதற வேண்டாம். 400 கிராம் உள்ளது 360-க்கு இறங்கினால், அதாவது பத்தில் ஒரு பங்கு குறைந்தால், மருத்துவரிடம் போக வேண்டிய நேரம். குட்டிகளுக்கு இந்தத் தாராளம் கிடையாது. இரண்டு மூன்று நாள் எதையும் தொடவில்லை என்றால் காத்திருக்காதீர்கள்.

படி 2: சூட்டை அளந்து பாருங்கள்

இதில்தான் நிறையப் பேர் ஏமாந்து போகிறார்கள். பியர்டட் டிராகன் ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டைச் சேர்ந்தது. நம் வேலியோர ஓணானின் குடும்பம்தான். உடம்பில் சூடு ஏறினால்தான் அதற்குச் செரிமானம் நடக்கும். சூடு போதாத டிராகன் சாப்பிடாமல் இருப்பது ஒருவகையில் அதன் தற்காப்பு, ஏனென்றால் செரிக்காத தீனி வயிற்றிலேயே கெட்டுப்போகும்.

தொட்டிச் சுவரில் ஒட்டிய வட்ட வெப்பமானியை நம்ப வேண்டாம். அது காட்டுவது அந்தச் சுவரோரச் சூட்டை. டிராகனின் வயிறு படுவதோ விளக்குக்கு அடியில் உள்ள கல்லில். அகச்சிவப்பு வெப்பமானித் துப்பாக்கியைக் கல்லின் மேல் காட்டி அளந்து பாருங்கள். வளர்ந்ததற்கு அங்கே 38 முதல் 42 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். எதிர்ப்பக்கம் 24 முதல் 28 டிகிரி போதும்; சூடு அதிகமானால் விலகிப் போக இடம் வேண்டுமல்லவா?

கல் 33 டிகிரிதான் காட்டுகிறதா? கல்லைக் கொஞ்சம் உயர்த்துங்கள், அல்லது கூடுதல் வாட் பல்பு போடுங்கள். டிராகன் தாவித் தொட முடியாத தூரத்தில் விளக்கு இருக்கட்டும். ஒரு மணி நேரம் கழித்து மறுபடியும் அளந்து பாருங்கள்.

படி 3: புற ஊதா விளக்கு

எரிகிறது என்பதால் வேலை செய்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். வெளிச்சம் அப்படியே இருக்கும், யுவிபி எனும் புற ஊதாக் கதிர் மட்டும் தேய்ந்துகொண்டே போகும். தயாரிப்பாளர் சொல்கிற காலத்தில், பெரும்பாலும் 6 முதல் 12 மாதத்துக்குள், குழாயை மாற்றிவிடுங்கள். கண்ணாடிக்கு மேலே விளக்கை வைத்தால் அந்தக் கதிர் உள்ளே வராது. ஜன்னல் வழியே வரும் வெயிலுக்கும் இதே கதைதான்.

யுவிபி இல்லாமல் வைட்டமின் டி3 உருவாகாது. அது இல்லாமல் சுண்ணாம்புச் சத்து உடம்பில் சேராது. நாளடைவில் எலும்பு நோய் வரும். தாடை மென்மையாவது, விரல்கள் துடிப்பது, நடை தள்ளாடுவது, பசி போவது எல்லாம் அதன் அடையாளங்கள். இவற்றைக் கண்டால் விளக்கை மாற்றினால் மட்டும் போதாது, மருத்துவரும் வேண்டும்.

படி 4: இயல்பான காரணமா?

புது வீட்டுக்கு வந்த டிராகன் ஒன்றிரண்டு வாரம் சரியாகச் சாப்பிடாது. அதிகம் தூக்காமல் விட்டுவிடுங்கள். தோல் உரிக்கும் நாட்களிலும் பசி குறையும். இன்னொரு டிராகனோடு ஒரே தொட்டியில் இருந்தால் பிரித்து வையுங்கள். ஒன்றை ஒன்று மிரட்டும்.

ஒரு வயது தாண்டியது குளிர்காலத்தில் மறைவிடத்துக்குள் போய்ப் பல வாரம் தூங்கலாம். எடை அவ்வளவாகக் குறையாது. ஆனால் தூங்கப் போகிறது என்று நீங்களே முடிவுகட்டும் முன் மலத்தைப் பரிசோதித்துவிடுங்கள். குடல் ஒட்டுண்ணி இருந்தாலும் இதேபோல்தான் சோர்ந்து கிடக்கும். குட்டி இப்படித் தூங்கினால் அதை நோயாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

பெண் டிராகன் ஆண் துணை இல்லாமலே முட்டை வைக்கும். பசி குறைந்து, வயிறு உப்பி, மூலை மூலையாகத் தோண்டினால் ஈர மண் நிரப்பிய ஆழமான பெட்டி ஒன்றை உள்ளே வையுங்கள். தோண்டித் தோண்டி ஓய்ந்து முட்டை வராமல் படுத்துவிட்டால் அது அவசரம்.

படி 5: இப்போது தீனி

விளக்கு போட்டு ஒன்றிரண்டு மணி நேரம் வெயில் காய்ந்த பிறகு கொடுங்கள். அணைக்கும் நேரத்தில் வேண்டாம். பூச்சி அதன் இரு கண்களுக்கு இடைப்பட்ட அகலத்தைவிடப் பெரிதாக இருக்கக் கூடாது. பெரிய தீனியும் தரையில் போட்ட மணலும் குடலை அடைக்கலாம். குட்டிக்குப் பூச்சி அதிகம், வளர்ந்ததற்குக் கீரை அதிகம். கொழுத்த புழுக்களையே தின்று பழகியது கீரையைத் தொடாது, ஆகவே காலையில் கீரையை முதலில் வையுங்கள். மேலே செம்பருத்திப் பூவைக் கிள்ளிப் போட்டால் அந்தச் சிவப்புக்காகவே சில எட்டிப் பார்க்கும். மின்மினிப் பூச்சியும் அவகாடோவும் விஷம்.

படி 6: மருத்துவரிடம்

குழிந்த கண், வாயோரம் சீழ், பல நாள் மலம் போகாமை, வாய் திறந்து திணறும் மூச்சு, பின்னங்கால் இழுப்பு: இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே கிளம்புங்கள். ஊர்வனவற்றைப் பார்த்துப் பழகிய கால்நடை மருத்துவரைத் தேடிப் போவது நல்லது. வாயைப் பிளந்து எதையும் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். அன்றைய மலத்தை மூடிய டப்பாவில் எடுத்துக்கொள்ளுங்கள். தொட்டியின் புகைப்படம், அளந்த வெப்பநிலை, எடைக் குறிப்பு மூன்றும் கையில் இருந்தால் மருத்துவர் கேட்கும் முதல் கேள்விகளுக்குப் பதில் தயார்.