பழைய மரப் பாய்மரப் படகு வாங்கும் முன்: மழைத்தண்ணீர் போன வழியே போய்ப் பாருங்கள்

மரப்படகு பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் நேராக அடிப்பக்கத்தில் போய்க் குனிவார்கள். நான் மேல்தளத்தில்தான் தொடங்குவேன். மரத்தை மக்கவைக்கும் பூஞ்சைக்கு உப்பு ஒத்துவராது. கடல்நீரில் மூழ்கிக் கிடக்கும் பலகைக்குள் அதற்குப் போதிய காற்றும் கிடைக்காது. மரப்படகுக்கு எமன் மழைத்தண்ணீர். மரத்தின் ஈரம் 20 சதவீதத்துக்குள் இருக்கும்வரை பூஞ்சை பிடிக்காது. மேலே ஒழுகி இறங்கி, காற்றாடாத மூலையில் தங்கும் நல்ல தண்ணீர்தான் மரத்தை அந்த எல்லை தாண்டவைக்கிறது. படகுகளைத் தட்டிப் பார்ப்பதே வேலையாகிப்போன நாளிலிருந்து நான் செய்வது இதுதான்: மழை எங்கே விழும், எந்த இடுக்கில் இறங்கும், எங்கே தேங்கும் என்று அதன் பின்னாலேயே போவது.

கையில் நல்ல டார்ச், சின்னச் சுத்தியல், முனை மழுங்கிய ஸ்க்ரூடிரைவர், காந்தம், சிறிய கண்ணாடி, சாக்கட்டி இருந்தால் போதும். தட்டவும் குத்தவும் உரிமையாளரிடம் முதலிலேயே அனுமதி கேட்டுவிடுங்கள். படகு கரையேறி இருக்க வேண்டும். மிதக்கும் படகை மட்டும் பார்த்து விலை பேசாதீர்கள்.

தொடும் முன் தள்ளி நின்று பக்கவாட்டில் பாருங்கள். அணியத்திலிருந்து, அதாவது படகின் முன்முனையிலிருந்து, பின்பக்கம் வரை மேல்விளிம்பின் வளைவு தடங்கல் இல்லாமல் ஓட வேண்டும். இரண்டு முனையும் தொங்கி நடுவில் மேடு தட்டினால், அடியில் நீளவாக்கில் ஓடும் ஏராவே வளைந்துவிட்டது என்று அர்த்தம். அதை நிமிர்த்துவது லேசில் முடிகிற காரியம் இல்லை.

அப்புறம் மேல்தளம். தளத்தைத் துளைத்து எது இறங்குகிறதோ அங்கெல்லாம் தண்ணீரும் இறங்கும். பாய்மரத்தை இழுத்துக் கட்டும் கம்பிகள் வந்து சேரும் உலோகப் பட்டைகளை நான் ஒன்றுவிடாமல் பார்ப்பேன். மேலே பெயின்ட் வழவழப்பாக இருக்கும். உள்ளே போய் அலமாரிச் சாமான்களை ஒதுக்கி, அதே இடத்தின் கீழே டார்ச் அடித்தால் டீ நிறத்தில் ஒரு கோடு வழிந்து காய்ந்திருக்கும். அந்தக் கோட்டின் அடியில் தட்டுங்கள். நல்ல மரம் ‘டொக்’ என்று திருப்பிச் சொல்லும். இற்ற மரம் ‘தொப்’ என்று விழுங்கிவிடும். ஸ்க்ரூடிரைவரை லேசாக அழுத்தினால் தடையே இல்லாமல் உள்ளே இறங்கும். வெளியே வரும் துணுக்கு பழுப்பாக, கட்டம் கட்டமாக வெடித்து, விரலில் பொடியாகும். இற்றது ஒரு சாண் என்று கண்ணுக்குத் தெரிந்தால், சுற்றி இன்னும் எவ்வளவு தூரம் தட்டினால் ‘தொப்’ வருகிறது என்று சாக்கட்டியால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். பின்பலகையின் மூலைகள், அணியத்தின் உட்பக்கம், தளத்தைத் தாங்கும் உத்திரங்களின் நுனிகள் எல்லாவற்றையும் இதே மாதிரி பாருங்கள். புதுப் பெயின்ட் வாடை அடிக்கும் இடத்தில் இரண்டு மடங்கு நேரம் செலவிடுங்கள்.

உள்ளே தரைப்பலகைகளைத் தூக்குங்கள். பலகைகளைப் பிடித்திருக்கும் வளைந்த சட்டங்கள், அதாவது வங்குகள், வளைவு அதிகமான இடத்தில்தான் விரிசல் விடும். அங்கொன்றும் இங்கொன்றும் என்றால் பக்கத்தில் துணைச்சட்டம் வைத்துச் சமாளிக்கலாம். வரிசையாக நாலைந்து வெடித்திருந்தால் படகு தன் உருவத்தையே இழந்துகொண்டிருக்கிறது.

ஆணியும் திருகும் அடுத்த விஷயம். பெயின்ட்டுக்கு மேலே காந்தம் ஒட்டினால் உள்ளே இரும்பு. ஓக் மரத்தில் இரும்பு இருந்தால், மரத்தின் அமிலம் இரும்பை அரிக்கும், துரு மரத்தைக் கெடுக்கும். ஆணியைச் சுற்றிக் கறுப்பு படர்ந்திருக்கும். ஏராவை ஒட்டிய முதல் பலகையிலிருந்து இரண்டு மூன்று திருகுகளைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். பித்தளை என்றால் சுரண்டிப் பாருங்கள். மஞ்சளுக்குப் பதில் இளஞ்சிவப்பு தெரிந்தால் துத்தநாகம் கரைந்து போய்விட்டது, தட்டினாலே முறியும். அடியில் தொங்கும் கனத்தைப் பிடித்திருக்கும் போல்ட்டுகள் இன்னும் ஏமாற்றும். தலை பளபளக்கும், கனமும் மரமும் சேரும் இடத்தில் தேய்ந்து ஈர்க்காகியிருக்கும். ஒன்றையாவது உருவிப் பார்க்க வேண்டும். அதற்கு உரிமையாளர் சம்மதிக்கவில்லை என்றால், எல்லாவற்றையும் மாற்றும் செலவைக் கணக்கில் வைத்துப் பேசுங்கள்.

எனக்கு மனசு வலிக்கிற ஒன்று உண்டு. படகைப் பொத்திப் பொத்தி வைத்தவர்கள், அரிப்பு வரக்கூடாது என்று துத்தநாகக் கட்டிகளை அளவுக்கு மீறி மாட்டிவிடுவார்கள். அப்போது வெண்கலப் பொருத்துகளைச் சுற்றிக் காரம் உருவாகி மரத்தையே நார் நாராக்கும். உட்பக்கம் வெள்ளையாகப் பூத்திருந்தால் அங்கே குத்திப் பாருங்கள்.

பலகை இடுக்குகள் திறந்திருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். கரையில் காய்ந்த மரம் சுருங்கும், தண்ணீரில் இறங்கினால் ஊதி மூடிக்கொள்ளும். காய்ந்த இடுக்கில், வழக்கமாக அடைக்கும் பஞ்சுக்குப் பதில், கல் மாதிரி இறுகும் பசையை யாராவது திணித்திருந்தால்தான் ஆபத்து. ஊதும் மரத்துக்கு இடமில்லாமல் வங்கு வெடிக்கும், திருகு பிடுங்கிக்கொள்ளும். பழைய பலகைப் படகின் வெளிப்புறம் முழுக்க ஃபைபர் கிளாஸ் போர்த்தியிருந்தால் நான் வாங்கச் சொல்ல மாட்டேன்.

கப்பல் புழு வெளியே விடும் துளை குண்டூசித் தலை அளவுதான். உள்ளே சுரங்கமே இருக்கும். சுக்கானின் அடி, ஏராவின் கீழ்ப்பக்கம், பெயின்ட் உரிந்த இடங்கள் அதற்குப் பிடித்தவை. பாய்மரத்தைக் கீழே இறக்கி அடிமுனையையும் ஒட்டுகளையும் பாருங்கள். எஞ்சின், பாய், கயிறு எல்லாம் மாற்றக்கூடியவை. அவற்றைப் பார்த்து மயங்காதீர்கள்.

சரி, இதுவரை தேறிய படகை இறக்கி, நல்ல காற்றில் இரண்டு பக்கமும் சாய்த்து ஓட்டிப் பாருங்கள், தரைப்பலகைகள் திறந்தபடியே. கட்டிக் கிடக்கையில் ஒழுகாத படகு, பாய்மரக் கம்பி இழுக்கும்போது ஒழுகும். கடைசியாக, படகைச் சோதித்துச் சொல்லும் சர்வேயர்களில் மரப்படகு தெரிந்த ஒருவரை வையுங்கள். நீங்கள் சாக்கட்டியால் போட்ட கோடுகளை அழிக்காமல் விட்டுவைத்து, அவர் தட்டும்போது கூடவே நில்லுங்கள்.